ஹோட்டல் அறையா, ஹாஸ்டல் படுக்கையா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: எனக்கு வயது 26. வருகிற டிசம்பரில் ஜெய்ப்பூர், ஜோத்பூர், உதய்ப்பூர் ஆகிய ஊர்களுக்குத் தனியாகச் சென்றுவரத் திட்டமிட்டிருக்கிறேன். உதய்ப்பூரில் மட்டும் இரண்டு தோழிகள் வந்து சேர்ந்துகொள்வார்கள். செலவைக் கருதி ஹாஸ்டல்களில் தங்க நினைக்கிறேன். முன்பின் தெரியாதவர்களோடு ஒரே அறையில் உறங்குவதா என்று வீட்டில் மறுக்கிறார்கள். என்ன செய்வது? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: வீட்டாரின் மறுப்புக்குப் பிறகு வருகிறேன், முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பயணிகளுக்கான ஹாஸ்டலில் ஓர் அறையில் பல படுக்கைகள் இருக்கும், கட்டணம் தலைக்கு. ஹோட்டலில் அறைக்கு. இந்த வேறுபாட்டை மறந்துவிட்டு இரண்டு விலைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர்கள் ஏராளம். உதாரணத்துக்கு, படுக்கை ஒன்று 700 ரூபாய், ஓரளவு நல்ல அறை 1,800 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாகச் செல்லும்போது ஒரு இரவுக்கு 1,100 ரூபாய் மிச்சம். மூன்று பேராகிவிட்டால் படுக்கைகளுக்கு 2,100 ரூபாய் ஆகிறது. அறைக்குக் கூடுதல் மெத்தைக்கான 400 ரூபாயைச் சேர்த்தாலும் 2,200 ரூபாய்தான். நூறு ரூபாய் வித்தியாசத்தில் உங்களுக்கென்று ஒரு கதவும், வரிசையில் நிற்கத் தேவையில்லாத குளியலறையும் கிடைக்கின்றன. ஆகவே ஜெய்ப்பூரிலும் ஜோத்பூரிலும் படுக்கை, உதய்ப்பூரில் பிச்சோலா ஏரிக்கரையை ஒட்டிய லால் காட் பகுதியில் ஓர் அறை என்பதே என் பரிந்துரை. பயணம் முழுவதற்கும் ஒரே வகைத் தங்குமிடம்தான் என்று யாரும் விதி வகுக்கவில்லை.

இனி வீட்டாரின் கவலை. ரயிலில் ஸ்லீப்பர் வகுப்பில் முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே உறங்கி வராத குடும்பம் நம்மில் அநேகமாக இல்லை. பெண்களுக்கு மட்டுமான டார்மிட்டரி (பலர் படுக்கும் பொது அறை), அதைவிடப் பாதுகாப்பான ஏற்பாடு என்பதை அவர்களிடம் பொறுமையாக எடுத்துச் சொல்லலாம். ஆனாலும், ‘பெண்களுக்கு மட்டும்’ என்ற அறிவிப்போடு திருப்தி அடைந்துவிடாதீர்கள். குளியலறை அந்த அறைக்குள்ளேயே இருக்கிறதா, அல்லது நள்ளிரவில் பொது நடைவழியைக் கடந்து போக வேண்டுமா என்று கேளுங்கள். வரவேற்பில் இரவு முழுவதும் ஆள் இருக்கிறாரா, அறைக் கதவு தங்குபவரின் சாவிக்கோ அட்டைக்கோ மட்டும் திறக்குமா, லாக்கரில் முழுப் பையும் அடங்குமா என்பவையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவையே. பல இடங்களில் லாக்கர் இருக்கும், பூட்டு இருக்காது. நல்ல பூட்டு ஒன்றை எடுத்துச் செல்லுங்கள். இணையத்தில் மதிப்புரைகளைப் படிக்கும்போது, ஐந்து நட்சத்திரம் தந்து புகழ்ந்தவர்களை விட்டுவிட்டு, தனியாகத் தங்கிய பெண்கள் இரண்டும் மூன்றும் தந்து எழுதியவற்றைத் தேடிப் படிப்பது பயனுள்ளது. விடியும்வரை பாட்டும் கூச்சலும் இருக்கும் ஹாஸ்டல் எது என்பதை அவர்கள்தாம் மறைக்காமல் எழுதுகிறார்கள்.

தனியாகச் செல்பவருக்கு ஹாஸ்டலால் கிடைக்கும் பெரிய ஆதாயம் வாடகையில் இல்லை என்பது என் எண்ணம். ஜோத்பூருக்கும் உதய்ப்பூருக்கும் இடையில்தான் ராணக்பூரின் பளிங்குச் சமணக் கோயில் இருக்கிறது. கும்பல்கர் கோட்டையும் சற்றே விலகிச் சென்றால் பார்த்துவிடக்கூடிய தொலைவில் உள்ளது. இரண்டையும் பார்த்துக்கொண்டே போக வாடகைக் காரே வசதி. ஒருவராக அந்த வாடகையைக் கொடுத்தால் ஹாஸ்டலில் மிச்சப்படுத்திய பணம் அதிலேயே கரைந்துவிடும். ஹாஸ்டலின் பொதுக்கூடத்தில் முந்தைய நாள் மாலையில் கேட்டால், அதே வழியில் செல்லும் இரண்டு பேராவது அகப்பட வாய்ப்புண்டு, வாடகையைப் பகிர்ந்துகொள்ளலாம். ஹோட்டலில் பக்கத்து அறையின் கதவைத் தட்டி இப்படிக் கேட்க நம்மில் யாருக்குத்தான் துணிவு வரும்?

டிசம்பர் என்பதால் இன்னும் இரண்டு செய்திகள். ராஜஸ்தானில் அந்த மாத இரவுகளில் கடுங்குளிர் இருக்கும். பொதுக் குளியலறையில் எந்த நேரத்தில் வெந்நீர் கிடைக்கும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை படுக்கைக்கும் விலை ஏறிவிடுவதால், அந்த ஒரு வாரத்தில் ஹோட்டல் அறைக்கும் ஹாஸ்டல் படுக்கைக்கும் உள்ள இடைவெளியை மறுபடி கணக்கிட்டுப் பாருங்கள். முதல் ஊருக்கு இரவு வெகுநேரம் கழித்துச் சேர்வதாக இருந்தால், அந்த ஓர் இரவுக்கு மட்டும் நிலையத்துக்கு அருகில் ஹோட்டல் எடுப்பது நல்லது. மற்றவர்கள் உறங்கும் அறையில் இருட்டில் மேல் படுக்கையைத் தேடி ஏறுவது உங்களுக்கும் சிரமம், அவர்களுக்கும் சிரமம்.

கேள்வி: நாங்கள் இருவரும் அறுபதைக் கடந்தவர்கள். பத்து வயதுப் பேரனுடன் வட இந்தியா செல்கிறோம். ஹாஸ்டலில் எங்களை அனுமதிப்பார்களா? (வாசகர், மதுரை)

பதில்: டார்மிட்டரியில் 18 வயது நிரம்பாதவர்களைப் பெரும்பாலான ஹாஸ்டல்கள் சேர்ப்பதில்லை. சிலவற்றில் தனி அறைகள் உண்டு. ஆனால் அவற்றின் வாடகை சாதாரண லாட்ஜ் அறையின் வாடகையை நெருங்கிவிடும். இரவில் எழுந்து நடக்க வேண்டியிருக்கும் வயதில் குளியலறை இணைந்த அறையே வசதி என்பதால், நீங்கள் ஹோட்டலையே தேர்ந்தெடுங்கள். இரண்டு ரயில்களுக்கு நடுவே சில மணி நேரம் மட்டும் தங்க வேண்டுமென்றால், பெரிய நிலையங்களில் உள்ள ரயில்வே ஓய்வறைகளைப் பாருங்கள். உறுதியான அல்லது ஆர்.ஏ.சி. பயணச்சீட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் முன்பதிவு செய்யலாம். மூட்டை முடிச்சுகளோடு ஆட்டோ பிடிக்கும் வேலை மிச்சமாகும்.

கேள்வி: எனக்கு 47 வயது. ஐரோப்பாவில் ‘யூத் ஹாஸ்டல்’ என்ற பெயருள்ள இடங்களில் நான் தங்கலாமா? (வாசகர், சேலம்)

பதில்: தாராளமாகத் தங்கலாம். ரிச்சர்டு ஷிர்மன் என்ற பள்ளி ஆசிரியர், மாணவர்கள் நடைப்பயணத்தின்போது தங்குவதற்காக 1912-இல் ஜெர்மனியின் ஆல்டெனா கோட்டையில் தொடங்கிய ஏற்பாடு உலகம் முழுவதும் பரவியபோது, அந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. பல நாட்டு யூத் ஹாஸ்டல் சங்கங்களின் கூட்டமைப்பான ஹாஸ்டலிங் இன்டர்நேஷனலைச் சேர்ந்த விடுதிகளில் நடுத்தர வயதினரும் குடும்பத்தினரும் தங்குகிறார்கள். இந்தியாவில் யூத் ஹாஸ்டல்ஸ் அசோசியேஷன் ஆஃப் இந்தியா இதன் உறுப்பு அமைப்பு. தனியார் ஹாஸ்டல்கள் சில வயது வரம்பு வைத்திருப்பதால் பணம் கட்டுவதற்கு முன் விதிகளைப் படித்துவிடுங்கள். தளத்தில் காட்டும் விலையோடு, தங்கும் பயணிகளிடம் வாங்கும் நகர வரி தனியாகச் சேரும் ஊர்களும் உண்டு. ஆம்ஸ்டர்டாமில் அது 2024 முதல் வாடகையில் 12.5 சதவீதம்.

கேள்வி: ஹோட்டல் அறைகளுக்கு வரி குறைந்துவிட்டதாமே? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: ஆம். ஒரு நாளைக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு 12 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகியிருக்கிறது. அதற்கு மேற்பட்ட அறைகளுக்கு 18 சதவீதம்தான். முன்பதிவுத் தளங்கள் முதற்பக்கத்தில் பெரும்பாலும் வரி சேர்க்காத தொகையைக் காட்டுவதால், கடைசிப் பக்கத்துத் தொகைகளை வைத்தே ஒப்பிடுங்கள்.

கேள்வி: சென்னையிலேயே வசிக்கும் எனக்குச் சென்னை ஹாஸ்டல் ஒன்றில் இடம் தர மறுத்துவிட்டார்கள். இது நியாயமா? (வாசகர், சென்னை)

பதில்: உள்ளூர் முகவரியுள்ள அடையாள அட்டையோடு வருபவர்களைச் சேர்ப்பதில்லை என்று பல ஹாஸ்டல்கள் விதி வைத்திருக்கின்றன. பயணிகளுக்கான இடம் உள்ளூர்க் கேளிக்கைக் கூடமாகிவிடக் கூடாது என்பது அவர்கள் கூறும் காரணம். நியாயமா என்று கேட்டால், வீட்டில் வெள்ளையடிக்கும் நாட்களில் தங்க இடம் தேடி வருபவருக்கு நியாயமில்லைதான். ஆனால் விதி முன்பதிவுப் பக்கத்திலேயே எழுதப்பட்டிருந்தால் வாதாடிப் பயனில்லை. அப்படிப்பட்ட நாட்களுக்கு லாட்ஜ் அறையைப் பாருங்கள். அங்கும் உள்ளூர்வாசிகளை ஏற்பார்களா என்று தொலைபேசியில் கேட்டுவிட்டுச் செல்லுங்கள்.