பெடல் பஞ்சு மாதிரி இருந்தது என்று அனுப்பிய அந்த மெசேஜ்

தக்கலையிலிருந்து ஒரு தம்பி ஆறு பக்கம் எழுதியிருக்கிறார். விஷயம் இதுதான். போலோ ஜிடி வைத்திருக்கிறார். ஆன்லைனில் ஸ்டீல் பிரெய்டட் பிரேக் ஹோஸ் செட் ஒன்று (பிரேக் ஆயில் போகிற ரப்பர் குழாய்க்குப் பதிலாக மாட்டுகிற, மேலே ஸ்டீல் கம்பி பின்னிய குழாய்) வாங்கி, நாகர்கோவிலில் தெரிந்த ஒர்க்‌ஷாப் ஒன்றில் கொடுத்து மாட்டினார். பதினோராவது நாள் குலசேகரத்திலிருந்து திருவட்டாறு பக்கம் வரும்போது ஒரு இறக்கத்தில் பெடல் அடிவரை போய்விட்டது. முன்னால் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ரப்பர் ஷீட் கட்டிப் போய்க்கொண்டிருந்தவர்மேல் கார் இடித்து, அவருக்குக் கால் எலும்பு முறிந்து, ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜில் ஆபரேஷன் நடந்திருக்கிறது. எஃப்ஐஆர் ஆகிவிட்டது. வண்டியில் தெரிவிக்காத மாற்றம் செய்ததற்கு விளக்கம் கொடுங்கள் என்று இன்சூரன்ஸ் கம்பெனியும் கடிதம் போட்டிருக்கிறது. ஒர்க்‌ஷாப்காரர் ஹோஸ்தான் மட்டம் என்கிறார், விற்றவர் மாட்டியவன் சரியில்லை என்கிறார். மூன்று பேர்மேலும் கேஸ் போட வேண்டும் என்பது தம்பியின் கேள்வி.

தம்பி, ஒர்க்‌ஷாப்காரர் உங்கள் சித்தப்பாவுக்குக் கூட்டாளி என்பதும், கல்யாண வீட்டில் பத்துப் பேர் முன்னால் உங்களை ரேஸ் ஓட்டுகிறவன் என்று பேசியதும், விற்றவர் உங்கள் நம்பரை பிளாக் செய்ததும் மனசுக்குக் கஷ்டம்தான். ஆனால் எந்தக் கோர்ட்டும் அதற்காக ஒரு வரிகூட எழுதாது. உங்கள் வழக்கு நாலாம் பக்கத்தில் போகிற போக்கில் எழுதியிருக்கிற ஒரு வரியில் இருக்கிறது. விபத்துக்கு ரெண்டு நாள் முன்னாலேயே பெடல் பஞ்சு மாதிரி இருந்தது, ரெண்டு தடவை மிதித்தால் சரியாகிவிடும், ஒர்க்‌ஷாப்காரருக்கு வாட்ஸ்அப்பில் சொன்னேன், ஓட்ட ஓட்ட செட் ஆகிடும் என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

இதை அவருக்கு எதிரான ஆயுதமாக நினைக்கிறீர்கள். ஆயுதம்தான். ஹோஸ் மாற்றிய பிறகு பிரேக் ஆயில் லைனில் புகுந்த காற்றை எடுக்காமல் விட்டாரா, ஜாயிண்டில் கசிவு இருந்ததா, எதுவாக இருந்தாலும் வாடிக்கையாளர் குறை சொன்ன பிறகும் கூப்பிட்டுப் பார்க்காதது அவருடைய அலட்சியம். ஆனால் அதே மெசேஜ், பிரேக் சரியில்லை என்று தெரிந்தே அந்த இறக்கத்தில் நீங்கள் வண்டி ஓட்டினீர்கள் என்பதற்கும் சாட்சி. பிரேக் ஃபெயிலியர் என்று சொன்னாலே தப்பிவிடலாம் என்று நம்பாத கட்சிக்காரரை நான் பார்த்ததில்லை. உச்ச நீதிமன்றம் 1977-லேயே மினு மேத்தா வழக்கில் இதைச் சொல்லிவிட்டது. கோளாறு வெளியே தெரியாமல் உள்ளே ஒளிந்திருந்தது, நியாயமான கவனத்தோடு பார்த்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க முடியாது என்பதை வண்டி உரிமையாளர்தான் நிரூபிக்க வேண்டும். ரெண்டு நாள் பஞ்சு மாதிரி இருந்த பெடலை ஒளிந்திருந்த கோளாறு என்று நான் எப்படி வாதாடுவது?

ஆகவே ஒர்க்‌ஷாப்காரர்மேல் நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் நீங்கள் போடுகிற புகார் மனுவே, ரப்பர் ஷீட்காரர் போடப்போகிற விபத்து இழப்பீட்டு வழக்கில் உங்களுக்கு எதிரான ஆவணமாக வந்து நிற்கும். நகல் வாங்க அவருடைய வக்கீலுக்கு ஒரு மனு போதும். நான் பார்த்து அதிகம் பேர் விழுந்த குழி இதுதான், ஒரு கோர்ட்டில் கோபத்தில் எழுதியதை இன்னொரு கோர்ட்டில் வாய்திறந்து விளக்க முடியாமல் நிற்பது.

மெசேஜை டெலீட் செய்துவிடலாமா என்று தோன்றும். செய்யாதீர்கள், அவர் போனில் அது இருக்கிறது. பழைய ரப்பர் ஹோஸையே திரும்ப மாட்டித் தருகிறேன், மாற்றவே இல்லை என்று சொல்லிவிடலாம் என்று அவர் யோசனை சொன்னாராமே, அது அவரைக் காப்பாற்றுகிற யோசனை, உங்களையல்ல. இன்சூரன்ஸ் கம்பெனி சர்வேயர் ஏற்கெனவே போட்டோ எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் கதையை எழுதிக் கொடுத்தால் பொய்க் க்ளெய்ம் என்று மொத்தமாக மறுத்துவிடுவார்கள். சாட்சியத்தை மறைத்ததாக பிஎன்எஸ் (பழைய ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா) 238-ம் பிரிவும் சேரலாம். இப்போது எஃப்ஐஆரில் இருக்கிற 281 (கண்மூடித்தனமாக ஓட்டியது), 125 (அடுத்தவர் உயிருக்கு ஆபத்து விளைவித்தது) போதும்.

சரி, வண்டி எங்கே நிற்கிறது? அதே ஒர்க்‌ஷாப் ஷெட்டில். இதைப் படித்த கையோடு டோ செய்து வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். பிரேக்கில் யாரும் கைவைக்கக் கூடாது. வீல் கழற்றி, ஹோஸ் இருக்கிற நிலையிலேயே எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள், வீலில் பிரேக் பேடை அழுத்துகிற காலிப்பரோடு சேருகிற இடத்தில் ஆயில் ஈரம் இருக்கிறதா, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் ஹோஸ் எங்காவது உரசுகிறதா என்று தெரியவேண்டும். கழற்றியே ஆக வேண்டும் என்றால் சர்வேயரை வைத்துக்கொண்டு, ஹோஸைக் காலிப்பரில் இறுக்குகிற பேஞ்சோ போல்ட்டையும் அதன் ரெண்டு செம்பு வாஷரையும் சேர்த்து ஒரே கவரில் போட்டு சீல் வையுங்கள். வாஷர் அற்பப் பொருள் என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள். ஒருமுறை முறுக்கினால் நசுங்கி உட்காருகிற சாமான் அது, பழையதையே திரும்பப் போட்டிருந்தால் முன்பு நசுங்கிய தடம் அதில் தெரியும். குற்றம் ஹோஸிலா, மாட்டிய கையிலா என்பதை அந்த ரெண்டு வளையம் சொல்லிவிடலாம். முன்பு ஒரு பைக் வழக்கில் கட்சிக்காரர் ஹோஸை நியூஸ்பேப்பரில் சுருட்டிக்கொண்டு கோர்ட்டுக்கு வந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், இது அந்த வண்டியில் இருந்த ஹோஸ்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள் என்று. அதோடு முடிந்தது.

ஹோஸ் நடுவில் வெடித்திருந்தால் விற்றவர்மேல் வழக்கு நிற்கும், ரெண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது, ஆணையமே லேபுக்கு அனுப்பிச் சோதிக்கலாம். ஜாயிண்டில்தான் கசிவு என்றால் விற்றவரை மறந்துவிடுங்கள்.

இன்சூரன்ஸ் கடிதத்துக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவைச் சொல்லிப் பலர் பயமுறுத்தியிருப்பார்கள். அந்தப் பிரிவில் மாற்றம் என்றால் வண்டியின் அமைப்பை மாற்றி அதன் அடிப்படைத் தன்மையே மாறுவது. ஹோஸ் மாற்றியது அதில் வராது என்று தைரியமாக வாதாடலாம். கம்பெனியின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது, வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும் என்று பாலிசியிலேயே ஒரு நிபந்தனை உண்டு. மறுபடியும் அந்த மெசேஜ்தான். பதிலில் என்ன மாட்டினீர்கள், எந்தத் தேதி, எந்த பில் என்பதை மட்டும் உண்மையாக எழுதுங்கள். பிரேக் ஏன் போனது என்று நீங்களாக ஒரு காரணம் எழுத வேண்டாம், நீங்கள் நிபுணர் இல்லை. உங்கள் காரின் சேதத்துக்குப் பணத்தைக் குறைத்துக் கொடுக்க முன்வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்வேன்.

அடிபட்டவருக்கான தொகையைப் பொதுவாகக் கம்பெனிதான் கட்டும். ஆனால் கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்று சம்மனை அலமாரியில் வைத்துவிட்டு எக்ஸ்பார்ட்டி (ஆஜராகாததால் ஒருதலைப்பட்சத் தீர்ப்புக்கு ஆளாவது) ஆகிறவர்கள் நம் மாவட்டத்தில் ஏராளம். பாலிசி நிபந்தனையை மீறினார் என்று கம்பெனி சொல்லும், மறுக்க ஆள் இருக்காது, முதலில் கட்டிவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று தீர்ப்பு வந்துவிடும். அப்புறம் தனி வழக்கு கூடப் போடாமல் நிறைவேற்று மனுவோடு உங்கள் வீட்டு ஜப்திக்கே வரலாம். ஆஜராகுங்கள், பதில் மனு போடுங்கள். இன்னொன்று, கிரிமினல் கேஸில் ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால் ஒரே நாளில் முடியும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அந்த ஒப்புதல் இழப்பீட்டு வழக்கில் உங்கள் அலட்சியத்துக்கு நேரடிச் சான்றாகிவிடும்.

ஒர்க்‌ஷாப்காரரோடு சமரசமாகப் போங்கள். உங்களுக்குப் பிடிக்காது, தெரியும். காரின் ரிப்பேர் எஸ்டிமேட் 1,35,000 என்று எழுதியிருக்கிறீர்கள், அவரிடம் பாதி கேளுங்கள், சித்தப்பாவை வைத்தே பேசுங்கள், எந்தத் தரப்பும் தவறை ஒப்புக்கொள்ளவில்லை என்ற வாசகத்தோடு எழுதி வாங்குங்கள். அந்த மெசேஜ் அவருக்கும் பயம் தருகிற விஷயம், அதனால் இறங்கி வருவார். ரப்பர் ஷீட்காரரைப் போய்ப் பாருங்கள், அவர் ரப்பர் வெட்டுக்குப் போக முடியாமல் கிடக்கிறார். மருத்துவச் செலவுக்குக் கொடுப்பதை வங்கி வழியாகக் கொடுங்கள், வழக்கை மட்டும் லோக் அதாலத்தில் கம்பெனியையும் உட்கார வைத்து முடியுங்கள்.

கம்பெனிக்குப் பதில் அனுப்பும் முன்னால் பாலிசி, ரெண்டு பில், வாட்ஸ்அப் பேச்சு முழுவதும், மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்து எழுதிய ரிப்போர்ட் நகல், இவ்வளவும் எனக்கு வேண்டும். ஆய்வாளர் பிரேக் பற்றி என்ன எழுதியிருக்கிறார் என்று பார்க்காமல் ஒரு வரி பதிலும் போகக் கூடாது.