பருந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விடுமா?

கேள்வி: டெல்லி மயூர் விஹார் ஃபேஸ் 3-இல் குடியிருக்கிறோம். ஐந்து மாதக் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்து, மொட்டை மாடி வெயிலில் கொஞ்ச நேரம் போட்டு வைப்பது வழக்கம். இரண்டு வாரமாகத் துணி காயப்போடப் போனால்கூட ஒரு பருந்து பின்னாலிருந்து வந்து தலையில் அடிக்கிறது. மாமனார் தினமும் கோழிக்கறி மிச்சத்தைத் தண்ணீர்த் தொட்டி மேல் வைக்கிறார். "அது செத்ததைத் தின்கிற பறவை, நம்மை என்ன செய்யும்?" என்கிறார். ஆறாம் வகுப்பு படிக்கும் பெரியவனும் டி-ரெக்ஸ் டைனோசர்கூட பிணந்தின்னிதான் என்று தாத்தா பக்கம் சேர்ந்துகொண்டான். குழந்தையைத் தூக்கிவிடுமா?

பதில்: தூக்காது. டெல்லிக்காரர்கள் சீல் என்று சொல்லும் இந்தக் கரும்பருந்தின் மொத்த எடையே ஒரு கிலோவைத் தாண்டுவது அபூர்வம், உங்கள் குழந்தையோ ஆறேழு கிலோ இருக்கும். ஆனால் நகம் முகத்தில் பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை, அதனால் கொஞ்ச நாளைக்கு எண்ணெய்க் குளியல் வெயிலை ஜன்னலோரத்துக்கு மாற்றிவிடுங்கள்.

அது பசியில் அடிக்கவில்லை. பக்கத்து மரத்திலோ செல்போன் கோபுரத்திலோ குச்சியும் துணிக்கந்தலும் பிளாஸ்டிக்கும் சேர்த்துக் கட்டிய கூடு இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். டெல்லியில் குளிர்காலத்தில் கூடு கட்ட ஆரம்பித்து, குஞ்சு பறக்க மே மாதம் வரைகூட ஆகலாம். இமயமலையைத் தாண்டி மத்திய ஆசியாவிலிருந்து காஜிப்பூர் குப்பை மலைக்கு வந்து குளிர்காலத்தைக் கழிக்கிற பருந்துகளும் உண்டு, அவை இங்கே குஞ்சு பொரிப்பதில்லை, சண்டைக்கும் வருவதில்லை. உங்கள் தலையில் அடிப்பது உள்ளூர்த் தாயோ தகப்பனோதான்.

இனி மாமனார் விஷயம். புண்ணியம் என்று நினைத்துத்தான் செய்கிறார், தப்பாகச் சொல்லவில்லை. பழைய டெல்லியில் பல தலைமுறையாகவே பருந்துக்கு இறைச்சித் துண்டுகளை வானத்தில் எறிந்து தானம் செய்கிறார்கள், உலகில் வேறெந்த நகரிலும் காண்பது அரிதான அளவுக்கு இங்கே பருந்துகள் நெருக்கமாக வாழ இதுவும் குப்பையும் காரணம். ஆனால் டெல்லிப் பருந்துகளை ஆராய்ந்தவர்கள் கண்டது வேறொன்று: இப்படித் தீனி போடும் இடங்களுக்குப் பக்கத்தில் கூடு கட்டியவைதான் மனிதர்களைக் கூடுதலாகத் தாக்குகின்றன. மனிதன் பக்கத்தில் வந்தால் பயப்பட வேண்டியதில்லை என்று நாமே பழக்கிவிடுகிறோம், அப்புறம் கூட்டில் குஞ்சு இருக்கும்போது அதே தைரியம் நம் தலையில் இறங்குகிறது. தொட்டி மேல் கறி வைப்பதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

செத்ததைத் தின்னும் பறவை என்பதும் பாதிதான் உண்மை. எலி, ஓணான், புறாக்குஞ்சு எல்லாம் பிடிக்கும், மழை விட்டதும் பறக்கிற ஈசலை ஆகாயத்திலேயே காலால் பிடித்துப் பறந்தபடியே தின்னும், கறிக்கடைக் கழிவு கிடைத்தால் அதையும் விடாது. எது குறைந்த உழைப்பில் கிடைக்கிறதோ அதுதான் அன்றைய சாப்பாடு. புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது, சரி, ஆனால் அழுகிய மாட்டைத் தாராளமாகத் தின்னும். ஆப்பிரிக்காவின் புள்ளிக் கழுதைப்புலி தன் இரையில் பெரும்பகுதியைத் தானே வேட்டையாடுகிறது, அதைப் பிடுங்கித் தின்பது பல நேரம் சிங்கம்தான்.

முதுகெலும்புள்ள விலங்குகளில் பிணத்தை மட்டுமே நம்பி வாழ்வது பாறு கழுகுகள்தான் என்று சொல்லலாம். எங்கே எப்போது ஒரு மாடு சாகும் என்று யாருக்கும் தெரியாது, சிறகை அடிக்காமலே வெப்பக் காற்றில் மிதந்து பரந்த நிலத்தைத் தேடமுடிகிறவனுக்குத்தான் அந்தப் பிழைப்பு கட்டுப்படியாகும். மாமனார் ரொம்ப நாளாக டெல்லியில் இருப்பவர் என்றால் அவற்றைப் பார்த்திருப்பார். மாட்டு வைத்தியத்தில் போட்ட டைக்ளோஃபெனாக் மருந்து, செத்த மாடுகள் வழியாக அவற்றின் சிறுநீரகத்தைக் கெடுத்தது, 2006-இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்வதற்குள் நாடெங்கும் ஏறக்குறைய அழிந்தே போயின.

பெரியவனிடம் சொல்லுங்கள்: பல டன் எடையைக் காலால் சுமந்து நடந்த டி-ரெக்ஸுக்குப் பிணம் தேடி மட்டும் வயிறு நிறைந்திருக்காது. அமெரிக்காவில் கிடைத்த ஒரு வாத்து அலகு டைனோசரின் வால் எலும்பில் டி-ரெக்ஸின் பல் முறிந்து பதிந்திருந்தது, 2013-இல் அதைப் பற்றி எழுதினார்கள். பல்லைச் சுற்றி எலும்பு வளர்ந்து ஆறியிருந்தது. செத்ததற்குக் காயம் ஆறாது, கடிபட்டபோது உயிரோடு இருந்து தப்பித்திருக்கிறது. வழியில் செத்தது கிடந்தால் டி-ரெக்ஸ் வேண்டாம் என்றிருக்குமா? இருக்காது, அந்த அளவுக்குத் தாத்தாவும் பேரனும் சரி.

கூட்டைக் கலைக்காதீர்கள், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். மாடிக்குப் போகும்போது குடை பிடியுங்கள், முடிந்தவரை கூட்டுக்கு முதுகைக் காட்டாதீர்கள், அது பின்னாலிருந்துதான் வரும். கீறிவிட்டால் சோப்பு போட்டு ஓடுகிற தண்ணீரில் நன்றாகக் கழுவி, டெட்டனஸ் ஊசி வேண்டுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். ரேபிஸ் பயம் வேண்டாம், அது நாய், பூனை, குரங்கு மாதிரிப் பாலூட்டிகளிடமிருந்து வருவது.