சேவ் வேறு, எக்ஸ்போர்ட் வேறு

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: “கண்ணகி அம்மன் கோயில் வைகாசிச் சடங்குக்கு கிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் பதாகை செய்து, ஜேபெக் எடுத்துவிட்டு மூடிவிட்டேன். மறுநாள் கோயில் நிர்வாகியான வண்ணக்கர் வந்து திருக்குளிர்த்திச் சடங்கின் நேரத்தை மாற்றச் சொன்னார். திறந்தால் எல்லாம் ஒரே படமாக ஒட்டிக்கிடக்கிறது. லேயர்களைத் திரும்ப எடுக்கலாமா?”

அந்த ஜேபெக்கிலிருந்து எடுக்க முடியாது, தம்பி. லேயர் என்பது ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய தனித்தனிப் படலம்; ஜேபெக்கில் அதற்கு இடமே இல்லை. அம்மன் படம், பின்னணி, எழுத்து எல்லாம் ஒரே பரப்பாகிவிடும். எழுத்துக்கு அடியில் இருந்த நிறம் கோப்பில் எங்கும் இருக்காது. இப்போதைக்கு ஒரு வழி உண்டு. ஜேபெக்கைத் திறந்து, புது லேயர் ஒன்று போட்டு, பழைய நேரத்தை மறைக்கும் அளவுக்கு நிறப்பட்டை வரைந்து, அதன்மேல் புது நேரத்தை எழுதுங்கள். பின்னணி பூவேலையாக இருந்தால் குளோன் கருவியால் பக்கத்துப் பகுதியை எடுத்து மூடலாம். அவசரத்துக்கு இது போதும்.

இது எங்கே தவறுகிறது தெரியுமா? 2012இல் வந்த 2.8 பதிப்பிலிருந்து கிம்ப்பில் சேவ் கொடுத்தால் அதன் சொந்த வடிவமான எக்ஸ்சிஎஃப் கோப்பாக மட்டுமே சேமிக்கும். லேயர்கள் அதில்தான் உயிரோடு இருக்கும். ஜேபெக், பிஎன்ஜி எல்லாம் எக்ஸ்போர்ட் வழியாகத்தான். எக்ஸ்போர்ட் செய்த பிறகும், மூடும்போது ‘மாற்றங்கள் சேமிக்கப்படவில்லை’ என்று கேட்கும். ‘அதுதான் ஜேபெக் எடுத்தாயிற்றே’ என்று நினைத்து, மாற்றங்களைக் கைவிடும் பொத்தானைப் பலரும் அழுத்திவிடுகிறார்கள். நீங்களும் அதைத்தான் செய்திருப்பீர்கள். இனி வேலையைத் தொடங்கியதுமே கன்ட்ரோல், எஸ் அழுத்தி எக்ஸ்சிஎஃப் கோப்பை உருவாக்கிவிடுங்கள். போட்டோஷொப் என்றால் பிஎஸ்டி.

பதாகையில் சிவப்பு எழுத்து இருந்தால் அச்சகத்துக்கு ஜேபெக்கை விட பிஎன்ஜி கொடுப்பது நல்லது. ஜேபெக் நிற விவரத்தைக் குறைத்துச் சுருக்குவதால் சிவப்பின் ஓரம் கசியும். திருத்தித் திருத்தி அதே ஜேபெக்கை மறுபடி சேமித்தால் இன்னும் கெடும். பிஎன்ஜி அப்படிக் கெடாது.

அம்மன் படம் மட்டும் தனியே வேண்டுமென்றால், எக்ஸ்சிஎஃப் கோப்பைத் திறந்து, ஷிஃப்ட் அழுத்தியபடி அந்த லேயரின் கண் குறியைச் சொடுக்குங்கள். மற்றவை மறைந்துவிடும். அப்புறம் பிஎன்ஜியாக எக்ஸ்போர்ட் செய்தால் பின்னணி இல்லாமல் வரும்.

ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பாமினி எழுத்துருவில் எழுதுபவராக இருந்தால் ஒன்று கவனியுங்கள். பாமினி இல்லாத கணினியில் லேயருள்ள கோப்பைத் திறந்து எழுத்தைத் தொட்டால் தமிழ் போய் ஆங்கில எழுத்துகள்தான் வரும். அச்சகத்துக்கு எக்ஸ்சிஎஃப் கோப்பைக் கொடுக்காதீர்கள். பிஎன்ஜியைக் கொடுங்கள், எக்ஸ்சிஎஃப் உங்கள் கணினியிலும் ஒரு பென் டிரைவிலும் இருக்கட்டும். அடுத்த வைகாசிக்குத் திகதியை மட்டும் மாற்றினால் போதும்.