பனி முடியும் நேரத்தில் தேனீப் பெட்டி: முதலில் முட்டையைப் பாருங்கள்

கேள்வி: அணைக்கட்டுப் பக்கம் மாந்தோப்பில் ஆறு நியூட்டன் பெட்டிகளில் இந்தியத் தேனீ வளர்க்கிறேன். தை முடியப் போகிறது. இரண்டு பெட்டிகளில் ஈ குறைந்துவிட்டது. அடிப்பலகையில் கறுப்புத் தூள், தேனடையில் நூலாம்படை. சர்க்கரைப் பாகு வைத்தால் தேறுமா?

பதில்: பாகு மட்டும் போதாதுங்க. நூலாம்படை மெழுகு அந்துப்பூச்சிப் புழுவின் வேலை, தூள் அதன் எச்சம். கூட்டம் வலுவாக இருந்தால் ஈக்களே புழுவை இழுத்து வெளியே போட்டுவிடும். ஈ மூடாமல் கிடக்கும் அடையில்தான் அது குடியேறுகிறது. ஆகவே ஈ ஏன் குறைந்தது என்று முதலில் பாருங்கள்.

பனி விலகி வெயில் ஏறியதும், 10 மணி வாக்கில் திறங்கள். ராணியைத் தேடி நேரம் போக்க வேண்டாம், முட்டையைத் தேடுங்கள். வெயில் உங்கள் தோள்மேல் வந்து அடையின் அறைகளுக்குள் விழும்படி, அடை உள்ள சட்டத்தைப் பிடியுங்கள். அறைக்கு ஒரு முட்டை, அடியில் நடுவில் இருந்தால் 3 நாளுக்குள் ராணி இட்டது. ஒரே அறையில் இரண்டு மூன்று, பக்கச் சுவரில் ஒட்டியிருந்தால் பெரும்பாலும் ராணி இல்லை. வேலைக்கார ஈக்கள் இடுகின்றன. அதிலிருந்து ஆண் ஈதான் வரும், பாகு வீண். அந்தக் கூட்டத்தை அந்தியில் வலுவான பெட்டியோடு சேர்த்துவிடுங்கள்: நடுவே ஊசித் துளையிட்ட செய்தித்தாள் ஒன்று விரித்து, மேலே இதை வையுங்கள். தாளைக் கடித்துத் திறப்பதற்குள் வாசனை கலந்துவிடும்.

சேர்க்குமுன், தேனீயின் புழு வளரும் மூடிய அறைகளை அவசியம் பாருங்கள். மூடியில் ஓட்டை, உள்ளே தலைதூக்கிச் செத்த புழு, எடுத்தால் நீர் நிறைந்த பை போல வந்தால் அது தேனீப் புழுவைக் கொல்லும் தாய்லாந்து சாக்புரூட் (Thai sacbrood) வைரஸ். 1991-92இல் தென்னிந்தியக் கூட்டங்களை வாரிக்கொண்டு போனது இதுதான். மருந்து கிடையாது, ஆன்டிபயாடிக் வைரஸைத் தொடாது. அந்தப் பெட்டியை எதோடும் சேர்க்காதீர்கள், அதன் சட்டத்தை மாற்றாதீர்கள்.

ராணி இருந்து, நோயும் இல்லை என்றால் ஈ மூடிய அடைகளை மட்டும் விட்டு மற்றதை எடுத்து அன்றே உருக்குங்கள். அடிப்பலகையைச் சுரண்டிக் கொதிநீர் ஊற்றுங்கள். அதன்பின் 200 கிராம் சர்க்கரையை அதே அளவு தண்ணீரில் கரைத்து, வாரம் ஒருமுறை, இருட்டிய பிறகு பெட்டிக்குள் வையுங்கள். பகலில் சிந்தினால் மற்றப் பெட்டி ஈக்கள் கொள்ளையடிக்கும். பெட்டிக் கால்களுக்கு அடியில் உள்ள எறும்புக் கிண்ணத்தில் தண்ணீர் வற்றக்கூடாது.

இன்னொன்று, மாம்பூ நேரம் இது. தத்துப்பூச்சிக்குப் பக்கத்துத் தோப்பில் மருந்தடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்தால், முந்தின இரவே வாயிலை வலையால் மூடி, பெட்டிகளை 2 கிலோமீட்டருக்கு அப்பால் மாற்றுங்கள்.