பெயர் சரிபார்ப்பு: வங்கி ஆவணப் பிரிவில் இருந்தவன், கேளுங்கள்

கவிதா: ஆதாரில் 'கவிதா எம்', பானில் 'கவிதா முருகன்'. இரண்டையும் இணைக்க முடியவில்லை. முருகன் என் அப்பா.

நம் ஊரில் பாதிப் பேருக்கு இதே தொல்லைதான் அம்மா. பான் விண்ணப்பம் இனிஷியலை ஏற்காது, விரித்து எழுதச் சொல்லும். அப்பா பெயர் போய்க் குடும்பப் பெயர்க் கட்டத்தில் உட்கார்ந்துவிடும். உங்கள் பான் எண்ணில் ஐந்தாவது எழுத்தைப் பாருங்கள், 'எம்' என்று இருக்கும். அந்தக் கணக்கில் நீங்கள் முருகன்தான்! ஆதாரில் பெயரை விரித்துத் திருத்துங்கள். ஆனால் ஆயுளுக்கு இரண்டு முறைதான் பெயரை மாற்றலாம். ஆங்கில எழுத்துக்கூட்டலை பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்த்துவிட்டுப் போங்கள்.

சேலம் வாசகர்: வாடகைக்கு வருபவர் ஆதார் நகல் தந்தார். கூகுளில் அதே பெயர் வருகிறது. போதுமா சார்?

போதாது. அந்தப் பெயரில் ஒருவர் இருக்கிறார், அவ்வளவுதான். வாசலில் நிற்பவர் அவரா? நகலில் எழுத்தை யாரும் மாற்றலாம். க்யூஆர் கட்டத்தை ஆதார் செயலியில் ஸ்கேன் செய்யுங்கள். விவரமும் படமும் ஆதார் ஆணையத்தின் டிஜிட்டல் கையொப்பத்தோடு வரும், ஓர் எழுத்தைத் தொட்டாலும் கையொப்பம் பொருந்தாது. அப்புறம் அந்தப் படத்தையும் ஆளையும் பாருங்கள். அடுத்தவர் அட்டையின் க்யூஆரும் அசல்தானே.

பாலு: நீல டிக் இருந்தால் நம்பலாமா?

2022 நவம்பரில் ட்விட்டர் அதை 8 டாலருக்கு விற்றது. எலி லில்லி மருந்து நிறுவனத்தின் பெயரில் யாரோ வாங்கி, இன்சுலின் இலவசம் என்று அறிவித்தார். அடுத்தது.

முத்து: அப்பா பெயரைக் குடும்பப் பெயராக்குவதே வடக்கத்தி வழக்கம். நாம் ஏன் பணிய வேண்டும்?

கவிதா: கல்யாணமானதும் இனிஷியலையே மாற்றச் சொல்கிறார்கள், அதையும் கேளுங்கள் அண்ணா!

நியாயம். எம்.எஸ். சுப்புலட்சுமியை எடுத்துக்கொள்ளுங்கள். எம் மதுரை, எஸ் அம்மா சண்முகவடிவு. இதில் எதைக் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எழுதுவது?

முத்து: கட்டத்தையே எடுக்கச் சொல்லுங்கள்.

நான் சொன்னால் எடுத்துவிடுவார்களா தம்பி? எடுக்கும்வரை எல்லா ஆவணத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள்.

ராணி: ஆன்லைனில் புடவை விற்பவர் பெயர் கூகுளில் வருகிறது, பணம் அனுப்பலாமா?

மறுபடியும் கூகுளா! சேலத்துக்காரருக்குச் சொன்னதைப் படியுங்கள். யூபிஐ திரையில் வருவது வங்கிக் கணக்கில் பதிவான பெயர். அது வேறாக இருந்தால் காரணம் கேளுங்கள். பொருந்தினாலும் புடவை வரும் என்று அர்த்தமில்லை.

குமார்: சார், கூகுளில் ஒரு பெயர்...

சேலம்.