ஹாலிவுட்டின் ஒத்திகைக் கூடங்கள்: கேள்வி பதில்

கேள்வி: பேசும்படம் வந்த புதிதில் இத்தனை மியூசிக்கல்கள், அதாவது ஆட்டமும் பாட்டுமான படங்கள், நாடகக்காரர்களின் கதையாகவே இருப்பது ஏன்?

பாட்டுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. நடுத்தெருவில் திடீரென்று பாடினால் ஜனங்கள் ஏற்பார்களோ என்ற தயக்கம். ஒத்திகை நடக்கிறது, பியானோ இருக்கிறது, பாடுகிறார்கள் என்றால் கேள்வியே எழாது. 1929இல் எம்.ஜி.எம். ஸ்டூடியோ எடுத்த ‘தி பிராட்வே மெலடி’ இப்படித்தான் ஜெயித்தது. சிறந்த படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய முதல் பேசும்படம் அது.

கேள்வி: பாட்டை முன்கூட்டியே பதிவு செய்யும் வழக்கம் அப்போது உண்டா?

அந்தப் படத்தில்தான் அதற்கு வழி பிறந்தது. ஒரு நடனம் சரியாக அமையாமல் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. ஒலி நன்றாகத்தானே இருக்கிறது, அதையே ஒலிபெருக்கியில் போட்டு ஆட வைக்கலாமே என்றார் ஒலிப்பதிவாளர் டக்ளஸ் ஷியரர். வாத்தியக்காரர்களை மறுபடி கூப்பிடும் செலவு மிச்சம்.

கேள்வி: ஒரே ஒரு படம் பார்க்க நேரமிருக்கிறது. எதைப் பார்க்க?

‘கோல்ட் டிக்கர்ஸ் ஆஃப் 1933’. உடம்பெல்லாம் காசு கோத்த உடையில் நடிகை ஜிஞ்சர் ராஜர்ஸ், கையில் பணம் புரள்வதாகப் பாடுகிறார். ஒத்திகை முடிவதற்குள் கடன் கொடுத்தவர்களுக்காக ஷெரிப்பின் ஆட்கள் நுழைந்து சாமான்களை அள்ளுகிறார்கள். அந்தக் காசு உடைகளும் தப்பவில்லை. பொருளாதார மந்தத்தை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன காட்சி வேறெதுவும் எனக்குத் தெரியாது. கடைசிப் பாட்டில், போருக்கு விறைப்பாக நடந்துபோன சிப்பாய்கள் அடிபட்டுத் திரும்பி, இலவச உணவுக்கு வரிசையில் நிற்கிறார்கள். போரில் பணியாற்றியதற்கான போனஸைக் கேட்டு வாஷிங்டனில் கூடிய முன்னாள் வீரர்களை ராணுவமே விரட்டியது 1932இல். அடுத்த வருஷமே இந்தப் பாட்டு! எத்தனை முறை பார்த்தாலும் எனக்குத் தொண்டை அடைக்கும்.

கேள்வி: இந்தப் படங்களின் நடன இயக்குநர் பஸ்பி பெர்க்லி உச்சியிலிருந்து எடுக்கும் நடனக் கோலங்கள் நாடகம் பார்ப்பவர் கண்ணில் படாதே?

படாது. கதைப்படி அது மேடை. ஆனால் கேமரா ஏறிவிட்டால் மேடையே மறைந்துவிடும். முதல் உலகப்போரில் ராணுவத்தில் அணிவகுப்பு நடத்திய மனிதர் அவர். அந்த ஒழுங்கு நடனத்தில் தெரியும். அது பிழையில்லை. சினிமா நாடகத்திலிருந்து பிரிந்த இடமே அதுதான் என்பேன்.

கேள்வி: ‘ஃபார்ட்டி செகண்ட் ஸ்ட்ரீட்’ சந்தோஷமான படம்தானே? முடிவு ஏன் மனசைப் பிசைகிறது?

கால் முறிந்த நாயகிக்குப் பதிலாக ஆடிய கோரஸ் (குழு நடன) பெண்ணுக்கு ஊரே கைதட்டுகிறது. அவளைத் தேற்றி மேடையேற்றிய டைரக்டர் உடம்பு முடியாதவர். தியேட்டருக்கு வெளியே நிற்கிறார். எல்லாம் அந்தப் பெண்ணின் திறமை, பெயர் மட்டும் இவருக்கா என்று பேசிக்கொண்டே கூட்டம் கலைகிறது. அவர் ஒன்றும் சொல்லாமல் அங்கிருக்கும் இரும்புப் படியில் உட்கார்ந்துவிடுகிறார்.