வாங்கும் முன் கேளுங்கள்: பூ பார்க்கப் போகிறவர்கள் பில்லையும் பாருங்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். வசந்த காலத்தில் வெளிநாட்டுக்குப் போய் மரக்காட்டுக்குள் பூக்கும் பூக்களைப் படமெடுக்க வேண்டுமாம். தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் கேமராவோடு இத்தனை பேர் இருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. இடம் கருதிக் கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியை நான். இங்கிலாந்தில் புளூபெல் என்ற நீலப் பூ பூக்கும் காடு பார்க்க, "ஏப்ரல் கடைசி வாரம்" என்று விளம்பரம் செய்த சுற்றுலா நிறுவனத்தில் எனக்கும் தங்கைக்கும் சேர்த்து 2,40,000 ரூபாய் முன்பணம் கட்டினேன். இப்போது பயணத்தை ஜூன் இரண்டாம் வாரத்துக்கு மாற்றிவிட்டார்கள். பணத்தைக் கேட்டால், "தேதியை மாற்ற எங்களுக்கு உரிமை உண்டு என்று நிபந்தனையில் இருக்கிறது, வேண்டுமானால் கிரெடிட் நோட் (அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளும் வரவுச் சீட்டு) தருகிறோம்" என்கிறார்கள். (வாசகி, அரூர்)

பதில்: அம்மா, கிரெடிட் நோட்டை வாங்காதீர்கள். "முழுமையாகத் தீர்ந்தது" என்று எந்தத் தாளிலும் கையெழுத்தும் போடாதீர்கள்.

உங்கள் பக்கம் இருக்கும் பலமான வாதம் பூவேதான். இங்கிலாந்தில் புளூபெல் பூப்பது ஏறக்குறைய ஏப்ரல் நடுவிலிருந்து மே நடு வரை. மரங்களில் இலை முழுதாக விரிவதற்கு முன் தரைக்கு வெயில் இறங்கும் அந்தக் கொஞ்ச நாளில் பூத்து முடித்துக்கொள்ளும் செடி அது. ஜூன் இரண்டாம் வாரம் போனால் இருட்டான காட்டில் காய்ந்த தண்டைத்தான் பார்க்கலாம். அதனால் இதைத் தேதி மாற்றம் என்று விட்டுவிட முடியாது. விளம்பரத்தில் விற்றது ஒன்று, கொடுக்கப்போவது வேறொன்று. எழுதும் கடிதத்தில் இதையே முதல் வரியாக வையுங்கள்.

விளம்பரத்தின் படம், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாவற்றையும் இன்றே பத்திரப்படுத்துங்கள். தேதி மாற்றத்தை ஏற்கவில்லை, 15 நாளில் முழுப் பணமும் வேண்டும் என்று மின்னஞ்சலிலும், சேர்ந்ததற்கான சான்றோடு ஸ்பீடு போஸ்டிலும் அனுப்புங்கள். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். நிறைய நிறுவனங்கள் அந்த அழைப்புக்கே இறங்கி வந்துவிடும். வரவில்லையா? மாவட்ட நுகர்வோர் ஆணையம். நிறுவனம் எந்த ஊரில் இருந்தாலும், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும், ஆனால் நீங்கள் இரண்டு மாதம்கூடத் தள்ளாதீர்கள்.

டிசிஎஸ் என்று (பயணப் பணத்தோடு சேர்த்து நிறுவனம் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடித்திருந்தால் உங்கள் பான் எண்ணில் அது ஏறியிருக்கிறதா என்று வருமான வரி இணையதளத்தில் பாருங்கள். பிடித்ததாகச் சொல்லிக் கட்டாமல் விட்டிருந்தால் அதையும் புகாரில் சேர்த்துவிடலாம். ஆணையத்துக்குப் போக வேண்டி வந்தால் எனக்கு எழுதுங்கள், மனுவைப் படித்துத் தருகிறேன்.

கேள்வி: மகனைப் பார்க்கப் போக இங்கிலாந்து விசா எடுத்திருக்கிறேன். அதை வைத்தே பெல்ஜியத்தில் புளூபெல் பூக்கும் ஹாலர்போஸ் காட்டுக்கும் போய்வரலாமா? (ஓசூர்)

பதில்: முடியாது. பெல்ஜியத்துக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது, இங்கிலாந்து அதில் இல்லை) தனியாக எடுக்க வேண்டும். டிக்கெட்டை ஏற்கெனவே போட்டுவிட்டேன் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கேள்வியை அதற்கு முன்னால் அல்லவா கேட்டிருக்க வேண்டும்?

கேள்வி: போச்சம்பள்ளிப் பக்கம் மாந்தோப்பு. ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் தோப்பை விட்டு நகர முடியாது. ஜூலையில் ஐரோப்பாவில் மிச்சம் மீதிப் பூ இருக்கும், ஏற்பாடு செய்கிறேன் என்று ஏஜென்ட் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: மலைப் புல்வெளிப் பூக்கள் ஜூலையில் இருக்கும். நீங்கள் கேட்கும் மரக்காட்டுப் பூ இருக்காது. ஏஜென்டுக்கு இரண்டும் பூதான்.

உங்கள் வேலைக்குத் தோதான இடம் பூமியின் அடுத்த பாதியில் இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் வசந்தம் என்பது செப்டம்பரிலிருந்து நவம்பர் வரை. பெர்த் நகருக்குத் தெற்கே ஜாரா என்ற யூகலிப்டஸ் மரக்காடுகளில் செப்டம்பர், அக்டோபரில் தரை ஆர்க்கிட்கள் பூக்கும். விரல் நீளத்தில் சிலந்தி மாதிரி இதழ் நீட்டிக்கொண்டு நிற்கிற ஜாதி ஒன்று, கழுதைக் காது போல இரண்டு இதழ் தூக்கிய ஜாதி ஒன்று என்று மண்டியிட்டுத் தேட வேண்டிய பூக்கள். அந்த மாநிலத்தில் வடக்கே முதலில் பூத்து, தெற்கே வரவரத் தள்ளிப் பூக்கும். ஒரு வாரம் முன்பின் ஆனாலும் வண்டியைத் தெற்கேயோ வடக்கேயோ திருப்பினால் ஏதாவது அகப்படும். இங்கிலாந்தில் ஒரே காட்டை நம்பிப் போகிறவருக்கு இந்த வசதி கிடையாது.

இரண்டு விஷயம் கவனம். காட்டுப்பூவை அனுமதியில்லாமல் பறிப்பது அங்கே குற்றம். இன்னொன்று மண். ஜாராக் காடுகளை வேரழுகல் நோய் ஒன்று பிடித்து ஆட்டுகிறது, அது பூட்ஸில் ஒட்டிய சேற்றோடும் ஊர் ஊராகப் போகிறது. தோப்புக்குள் நடந்த செருப்பையும் ஷூவையும் அப்படியே பெட்டியில் போட்டுப் போகாதீர்கள். நன்றாகக் கழுவிக் காயவைத்து, விமான நிலையத்தில் கொடுக்கும் படிவத்திலும் குறிப்பிடுங்கள். ஊறுகாய் கொண்டுபோனால் அதையும் எழுதுங்கள். மறைத்து மாட்டினால் கட்டும் அபராதத்தில் இங்கே கூடை கூடையாக மாம்பழம் வாங்கலாம்.

கேள்வி: பயணத்துக்காக பெங்களூரில் ஒரு லென்ஸ் வாங்கினேன். பில் இல்லாமல் எடுத்தால் 9,000 ரூபாய் குறைவு என்றார்கள், எடுத்தேன். இப்போது ஆட்டோஃபோகஸ் நிற்கவே மாட்டேன் என்கிறது. கம்பெனி சர்வீஸ் சென்டரில், இது இந்தியாவுக்கு வந்த சரக்கே இல்லை, வாரண்டி கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடைக்காரர் என்னைத் தெரியவே தெரியாது என்கிறார். என்ன வழி? (ஓசூர்)

பதில்: இந்தக் கடிதம் மாதத்துக்கு ஒன்றாவது வருகிறது. லென்ஸ், செல்போன், மோட்டார் பம்பு, பொருள் மட்டும்தான் மாறும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

9,000 ரூபாய் குறைத்துக் கொடுத்தது உங்கள் மேல் பிரியத்தில் இல்லை. வரி கட்டாமல் வந்த சரக்கு, அவருக்கு அதிலும் லாபம்தான். நீங்கள் விட்டுக்கொடுத்தது என்ன என்று பாருங்கள். வாரண்டி போயிற்று. பயணக் காப்பீட்டில் கேமரா திருட்டுக்குப் பணம் கேட்டால் முதலில் பில்லைக் கேட்பார்கள், அதுவும் போயிற்று. அந்தக் காப்பீட்டிலும் கேமராவுக்கு எவ்வளவு வரை என்று ஒரு உச்சவரம்பு சின்ன எழுத்தில் இருக்கும், அது வேறு கதை. விலை உயர்ந்த கேமரா, லென்ஸை எடுத்துப் போகிறவர்கள் கிளம்பும்போது விமான நிலையச் சுங்கத்தில் சீரியல் நம்பரைக் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிக்கொள்வது நல்லது. திரும்பும்போது, வெளிநாட்டில் வாங்கியதா, தீர்வை கட்டு என்று நிறுத்தமாட்டார்கள். அங்கேயும் பில் கையில் இருந்தால் வேலை சுலபம். பில் இல்லாத லென்ஸை நீட்டி நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள்?

பில் தராமல் விற்பது நுகர்வோர் சட்டப்படி நியாயமற்ற வணிக முறை. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் அப்படித்தான், பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று சீல் குத்தினால் குறையுள்ள சரக்கிலிருந்தும் தப்பித்துவிடலாம் என்று நம் ஊர்க் கடைகளிலும் நினைக்கிறார்கள். அந்த சீலைப் பார்த்தாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். ஆனால் சட்டம் உதவ, அந்தக் கடையில் வாங்கினீர்கள் என்பதற்கு ஏதாவது ஒன்று வேண்டும். யுபிஐயில் பணம் போட்டிருந்தால் அந்தப் பதிவு, கடைக்காரர் விலை சொன்ன குறுஞ்செய்தி, ஏதாவது இருக்கிறதா? இருந்தால் 1915க்குப் போங்கள். எந்த ஆதாரமும் இல்லாமல் ரொக்கமாகக் கொடுத்திருந்தால் கொடுத்த பணத்தை நஷ்டக் கணக்கில் எழுதிவிடுங்கள்.

இனி வாங்குகிறவர்களுக்கு: இறக்குமதியான பொருளின் பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, அதிகபட்ச சில்லறை விலை ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லை என்றால் பெட்டியைத் திறக்கவே சொல்லாதீர்கள்.

கேள்வி: புளூபெல் படமெடுக்க, கிட்டத்தில் பெரிதாக எடுக்கும் மேக்ரோ லென்ஸ் வாங்கச் சொல்கிறார்கள். 65,000 ரூபாய் ஆகிறது. என்னிடம் ஏற்கெனவே 70-300 மி.மீ. ஜூம் லென்ஸ் இருக்கிறது. (பாலக்கோடு)

பதில்: வாங்க வேண்டாம். புளூபெல்லின் அழகு தரை முழுக்க விரிந்து கிடப்பதில் இருக்கிறது, ஒற்றைப் பூவில் இல்லை. ஜூமை 200, 300 மி.மீ.யில் வைத்துத் தாழ உட்கார்ந்து எடுத்தால் செடிகளுக்கு நடுவே இருக்கும் வெற்றிடம் மறைந்து நீலம் அடர்த்தியாகத் தெரியும். பாதையை விட்டு இறங்காமலும் எடுக்கலாம். இலை மிதிபட்டால் அந்தச் செடி கிழங்கில் சத்துச் சேர்க்க முடியாமல் போய், தேறிவர வருடக்கணக்கில் ஆகும். அதனால்தான் பாதை ஓரம் கயிறு கட்டி வைக்கிறார்கள். ஒற்றைப் பூவையும் கிட்டத்தில் எடுத்தே ஆக வேண்டும் என்றால் லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டும் எக்ஸ்டென்ஷன் டியூப் போதும், இல்லை பெங்களூரில் லென்ஸை வாடகைக்கு எடுங்கள்.

மிச்சமாகும் பணத்தில் நல்ல போலரைசர் ஃபில்டர் ஒன்று வாங்குங்கள். ஈர இலையின் பளபளப்பை அது எடுத்துவிட்டால் பச்சையும் நீலமும் தனித்தனியாக நிற்கும். அப்புறம் ஒரு நல்ல ட்ரைபாட். பொருட்காட்சியில் நான் வாங்கிய ட்ரைபாட் ஒன்று வீட்டில் இருக்கிறது. கேமராவை மாட்டினால் தலை தானாகக் குனிந்து வணக்கம் சொல்லும். இப்போது கொசுவலை கட்டப் பயன்படுகிறது.

கேள்வி: அமெரிக்காவில் கிரேட் ஸ்மோக்கி மலைக்கு டிரில்லியம் பூப் பார்க்க ஏஜென்ட் கொடுத்த கணக்கில் "பூங்கா நுழைவுக் கட்டணம், ஆளுக்கு 60 டாலர்" என்று இருக்கிறது. விசாவுக்கு வங்கிக் கணக்கு விவரத்தைக்கூட அவரே "தயார் செய்து" தருவதாகச் சொல்கிறார். நல்ல மனிதராகத் தெரிகிறார். (பென்னாகரம்)

பதில்: ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவுக்கு நுழைவுக் கட்டணமே கிடையாது. 2023 மார்ச்சிலிருந்து வண்டி நிறுத்தத்தான் வசூல், அதுவும் வண்டிக்கு ஒரு நாளைக்கு 5 டாலர், வாரத்துக்கு 15. ஆளுக்கு 60 எங்கிருந்து வந்தது என்று அவரிடமே கேளுங்கள். இந்த ஒரு வரியே இப்படி என்றால் மற்ற வரிகளையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டும்.

வங்கி விவரத்தைத் "தயார் செய்வது" என்றால் போலி ஆவணம். மாட்டினால் ஏஜென்ட் அடுத்த ஆளிடம் போய்விடுவார், தகராறு உங்கள் பாஸ்போர்ட் மேல்தான். பொய் ஆவணம் கொடுத்ததாகத் தெரிந்தால் இங்கிலாந்தில் பத்து வருடத் தடை. அமெரிக்காவில் நிரந்தரமாகவே கதவு மூடலாம். நல்ல மனிதரை விட்டுவிட்டு வேறு ஏஜென்டைப் பாருங்கள்.

கேள்வி: அவ்வளவு செலவு எதற்கு? ஆன்லைனில் புளூபெல் விதை 199 ரூபாய்க்கு விற்கிறார்கள். தேன்கனிக்கோட்டையில் நல்ல குளிர்தானே, தொட்டியில் வருமா?

பதில்: வராது. அந்தச் செடிக்கு மாதக்கணக்கில் குளிர்காலம் வேண்டும். விதை போட்டால் அதன் சொந்த ஊரிலேயே பூக்க ஐந்து வருடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் விற்றவர் கடையின் பெயரை மாற்றியிருப்பார்.

கேள்வி: அப்படியானால் போகும்போது நாலு கிழங்கு எடுத்து வந்துவிடலாமா? (அதே வாசகர், மறு தபாலில்)

பதில்: இங்கிலாந்தில் காட்டு புளூபெல்லை நிலத்துக்காரர் அனுமதியில்லாமல் தோண்டுவது 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நம் நாட்டுக்குள் கொண்டுவரவும் இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். கேமராவை மட்டும் கொண்டுபோங்கள்.

கேள்வி: வெளிநாட்டில் கார்டு தேய்க்கும்போது "ரூபாயா, அந்த ஊர் பணமா" என்று மெஷின் கேட்கிறதாம். எதை அழுத்துவது? (தர்மபுரி)

பதில்: அந்த ஊர் பணம். ரூபாயை அழுத்தினால் மெஷின்காரர் வைத்த விலைக்கு மாற்றுவார்கள், அது பெரும்பாலும் உங்கள் வங்கி விலையைவிட மோசம். கார்டுக்கு வங்கி எவ்வளவு கூடுதல் கட்டணம் பிடிக்கும் என்பதையும் கிளம்பும் முன் கேட்டுவிடுங்கள். பவர்பேங்க் பற்றியும் கேட்டிருந்தீர்கள். கைப்பையில்தான், பெட்டியில் போடக் கூடாது.